டயர் மாற்றணுமா, வேறு கோளாறா? ஏழு பேர் வண்டிக்கு அறிகுறிவாரியாகச் சில வழிகள்

தர்மபுரி பைபாஸ் ஓரம் இருக்கிற என் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும்) கடைக்கு எர்டிகா, இன்னோவா, ஈகோ என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இறங்கும்போதே, "நாலு டயரும் மாத்திடுங்கண்ணா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சில வண்டிக்கு மாற்றத்தான் வேண்டும். பல வண்டிகளில் டயரைத் தின்றது வேறு ஏதாவது ஒரு பாகமாக இருக்கும். அதைக் கவனிக்காமல் புது டயர் மாட்டினால், அதே ஓரம் அதே மாதிரி தேய்ந்து சீக்கிரமே திரும்பி வரும். அதனால் கடைக்குப் போகும் முன்பு வீட்டு வாசலிலேயே பார்க்கக்கூடியதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், பர்ஸைக் காலி பண்ணுகிற காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் குறைவாகப் போக ஒரு அளவு, ஏழு பேரும் மூட்டையும் ஏறினால் ஒரு அளவு என்று இரண்டு வரி போட்டிருந்தால் இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் 'மேக்ஸ்' என்று எழுதியிருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு. அதை வண்டியின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஓட்டி வந்து, பங்கில் சூடாக அளந்து, "அஞ்சு பாயின்ட் அதிகமா இருக்கு" என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் நிறைய. ஓடிய டயரில் மூன்று முதல் ஐந்து பி.எஸ்.ஐ. ஏறித்தான் இருக்கும். அதை இறக்கினால் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது.

அடுத்தது பட்டன், அதாவது டயர் தரையைத் தொடும் பகுதியில் இருக்கிற ரப்பர் கட்டைகள். பட்டன்களுக்கு நடுவில் ஓடும் காடியில் குறுக்காக ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். மழைக்காலத்தில் நான் அதற்கும் முன்பே, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன்.

## உள்பக்க ஓரம் மட்டும் மொட்டை

எங்கள் ஊர்ப் பகுதியில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. ஆபத்தும் இதில்தான் அதிகம், ஏனென்றால் வெளியிலிருந்து தெரியாது. ஒரு ஆடிப்பெருக்கு வாரம், ஒகேனக்கல் கிளம்பிய காரிமங்கலம் குடும்பம் ஒன்று காற்று மட்டும் பிடிக்க நின்றது. வெளிப்பக்கம் பட்டன் அருமையாக இருந்தது. ஸ்டீயரிங்கை ஒருபக்கமாக முழுசா ஒடிக்கச் சொன்னேன். உள் ஓரத்தில் ரப்பர் போய், நூல் போய், கம்பி பளபளத்தது.

"போன மாசம்தான் பாத்தேன் தம்பி, நல்லா இருந்துச்சே."

"நின்னு பாத்தீங்களாண்ணா, குனிஞ்சு பாத்தீங்களா?"

அன்று ஸ்டெப்னி மாட்டி மெதுவாகத்தான் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள்.

காசில்லாத சோதனை. முன்சக்கரத்தை ஒடித்து வைத்து, உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காகத் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை. கம்பி வெளியே வந்திருந்தால் கை வைக்காதீர்கள், கிழித்துவிடும். ஒரு திசையில் வழவழவென்றும், எதிர்த்திசையில் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தும் இருந்தால் 'டோ' அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தப்பியிருக்கிறது. இரண்டு முன்சக்கரமும் ஒரே மாதிரி இருந்தால் அது கிட்டத்தட்ட உறுதி.

சில நூறு ரூபாய். வீல் அலைன்மென்ட். எர்டிகாவில் பெரும்பாலும் முன்பக்க டோ ஒன்றைத்தான் திருத்த முடியும். பழைய இன்னோவாவிலும் கிரிஸ்டாவிலும் லோயர் ஆர்மில் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) இருக்கும் கேம் போல்ட்டைத் திருப்பி கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்), காஸ்டர் (ஸ்டீயரிங் திருப்பும் அச்சு முன்னே, பின்னே சாயும் கோணம்) இரண்டையும் திருத்தலாம். மெஷினில் ஏற்றும் முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கணும். வேலைக்கு முன் அளவு, வேலைக்குப் பின் அளவு இரண்டும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் தராத கடைக்கு நான் என் வண்டியையே விடமாட்டேன்.

சில ஆயிரம். அலைன்மென்ட் பார்த்தும் கொஞ்ச நாளில் மறுபடி தின்றால், எங்கேயோ ஆட்டம் இருக்கிறது. சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் கடகடத்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராட் எண்ட். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைந்தால் பால் ஜாயிண்ட்டோ வீல் பேரிங்கோ. ஆட்டம் எதுவும் இல்லாமல், பிரேக் போடும்போது மட்டும் அடியில் 'டொக்' என்றால் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள்.

இவற்றை மாற்றியபின் மறுபடியும் அலைன்மென்ட் பண்ணியே ஆகணும். புஷ் மாற்றும் முன் பண்ணிய அலைன்மென்ட் செல்லாது. இதை மெக்கானிக்குகளே சிலர் சொல்வதில்லை.

மெக்கானிக்கிடம் விட வேண்டிய இடம். பின்சக்கரம் உள்பக்கம் தேய்ந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. எர்டிகாவின் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கும் குறுக்குச் சட்டம்). திருத்துவதற்கு அதில் வழி கிடையாது. வேகமாகப் பள்ளத்தில் இறங்கியோ, பின்னால் இடி வாங்கியோ வளைந்திருக்கலாம். அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

## வெளி ஓரம் மட்டும் தேய்கிறது

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறக்கம், அஞ்செட்டிப் பாதை, வத்தல்மலை வளைவுகள்: இப்படி அடிக்கடி போகிற வண்டியில் முன்சக்கரத்தின் வெளித்தோள் கொஞ்சம் தேயத்தான் செய்யும். வளைவில் வேகத்தைக் குறையுங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னது பின்னும் பின்னது முன்னுமாக மாற்றிப் போடுங்கள். ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் வெளி ஓரம் போனால் அலைன்மென்ட்.

## இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருக்கிறது, அல்லது நடு மட்டும் தேய்ந்திருக்கிறது

முதலாவது காற்று குறைவு அல்லது சுமை அதிகம். இரண்டாவது காற்று அதிகம். சந்தேகம் தீர ஒரு வழி: டயரின் குறுக்கே சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு இழுத்து, சிமெண்ட் தரையில் சில அடி நேராக உருட்டுங்கள். ஓரத்தில் கோடு அழிந்து நடுவில் நின்றால் காற்று போதவில்லை.

காற்று சரியாக இருந்தும் ஓரங்கள் தேய்ந்தால், என்ன ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். மாங்காய் சீசனில் பின்சீட்டை மடித்து, பெங்களூரா காயைக் கிரேட் கிரேட்டாக அடுக்கி காவேரிப்பட்டணம் மண்டிக்கு ஓடுகிற குடும்ப வண்டிகளை எனக்குத் தெரியும். சீசன் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டு வருவார்கள்.

## ஓடும்போது 'ஊய்ய்' என்று சத்தம், பட்டன் மேடு பள்ளமாக இருக்கிறது

முன்னது பின்னாக டயரை மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் டயர்தான். அங்கேயே நின்றால் வீல் பேரிங்காக இருக்கலாம். ஆள் இல்லாத அகலமான சாலையில் மெல்ல இடமும் வலமும் வளைக்கும்போது சத்தம் ஏறி இறங்கினால் பேரிங் என்பதற்கு இன்னும் வலு. பேரிங் சத்தத்தோடு தொலைதூரம் போக வேண்டாம், நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

டயர்தான் என்றால், அதில் விரல் வைத்தால் அலை அலையாகக் குழி தெரியும். சக்கரத்தின் பேலன்ஸ் (சுற்றிலும் எடை சமமாக இருப்பது) போயிருக்கலாம், ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம். ஷாக்கில் எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழும்பி நிற்கணும், ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது. மாற்றுவதானால் இடதும் வலதும் ஜோடியாக மாற்றுங்கள். குழி விழுந்த டயர் ஷாக் மாற்றிய பிறகும் சத்தம் போடும். பட்டன் மிச்சம் இருந்தால் பின்னால் போட்டு ஓட்டித் தீர்க்கலாம்.

## 80-க்கு மேல் ஸ்டீயரிங் ஆடுகிறது

எப்போது ஆடுகிறது என்று முதலில் கவனியுங்கள்.

பிரேக் மிதித்தால் மட்டும் ஆட்டம்: டயருக்குச் சம்பந்தமில்லை. டிஸ்க். பிரேக் மெக்கானிக்.

வேகம் பிடிக்கும்போது மட்டும் அதிர்வு, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது: எர்டிகாவில் டிரைவ் ஷாஃப்ட், பழைய இன்னோவாவிலும் கிரிஸ்டாவிலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் (இரண்டும் இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு). இதுவும் மெக்கானிக் வேலை.

குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் குறைகிறது: பேலன்ஸ். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம். காசு கொடுக்கும் முன் ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். மண் ரோட்டில் போய் வந்த வண்டியில் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். சுரண்டிக் கழுவினாலே ஆட்டம் நின்றுவிடும். அழுக்கு ரிம்மில் ஒரு இடம் மட்டும் சதுரமாகச் சுத்தமாக இருந்தால், அங்கே ஒட்டியிருந்த ஈய வெயிட் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பேலன்சிங் போதும்.

மெதுவாகப் போனாலும் 'தத்தக்கா' என்று ஏறி இறங்குகிறது: டயருக்குள் பெல்ட் (பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பி அடுக்கு) பிரிந்திருக்கலாம், அல்லது ரிம் வளைந்திருக்கலாம். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றி, ஒரு கல்லையோ ஸ்பானரையோ அசையாமல் அருகில் வைத்துப் பாருங்கள். ரிம் நேராக ஓடி, டயர் மட்டும் மேலெழும்பினால் அந்த டயரை அன்றோடு கழற்றுங்கள்.

## வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது

நம் சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். இடது ஓரம் போனால் இடது பக்கம் லேசாக இழுப்பது இயல்பு. சமமான இடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அங்கேயும் இழுத்தால், காற்று. அதுவும் சரியென்றால் முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றுங்கள் (டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மாற்றக் கூடாது). இழுப்பு மறுபக்கம் போனால் டயர், மாறாவிட்டால் அலைன்மென்ட்.

இன்னொன்று: பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது. பாளையம் டோல்கேட் தாண்டி தொப்பூர் கணவாய் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். நான்கும் சூடாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் அனல் அடித்து, கருகல் வாடையும் வந்தால் அந்தக் காலிப்பர் (பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) விடவில்லை. ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். மெக்கானிக்கை அங்கேயே வரவழைப்பது நல்லது. அந்த இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான்கு சக்கரமுமே இந்த நிலைக்குப் போகும்.

## வாரம் ஒருமுறை காற்று பிடிக்க வேண்டியிருக்கிறது

சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு மூடியைக் கழற்றி வால்வின் வாயில் ஒரு சொட்டு. குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின், மிகச் சின்னச் செலவு. வால்வின் ரப்பர் அடியில் வந்தால் வால்வையே மாற்றுங்கள். டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் வந்தால் துரு அல்லது வளைந்த ரிம்.

பட்டனுக்குள் கூழாங்கல், ஜல்லி சிக்கியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். பர்கூர்ப் பக்கம் கிரானைட் லாரிகள் ஓடும் ரோட்டில் கூர்ச்சில்லுகள் சகஜம். ஆணியோ ஆழமாகப் போன சில்லோ என்றால் வீட்டில் பிடுங்காதீர்கள். குத்தியபடியே மெதுவாகப் பஞ்சர் கடைக்குப் போங்கள்.

பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டர் வரையிலான துளையை அடைக்கலாம். வெளியிலிருந்தே திணிக்கும் திரி அவசரத்துக்கு. டயரைக் கழற்றி உள்ளிருந்து போடும் மஷ்ரூம் பேட்ச்தான் நிலையான வேலை. தோளிலும் பக்கச்சுவரிலும் குத்தினால் எந்தப் பேட்ச்சும் வேண்டாம். டயரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று உள்ளே பாருங்கள். கருப்புப் பொடி கொட்டினால், காற்றில்லாமல் ஓட்டியதில் உள்சுவர் அரைபட்டுவிட்டது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது தீர்ந்தது.

## பக்கச்சுவரில் புடைப்பு

கோலிக்குண்டு அளவு என்றாலும் ஓட்டக் கூடாது. பெயிண்ட் அடிக்காத வேகத்தடையிலோ பள்ளத்திலோ மோதி உள்ளே நூல் அறுந்திருக்கிறது; வெளி ரப்பர் மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டெப்னி மாட்டுங்கள். இதைச் சரிசெய்து தருவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

புடைப்பு இல்லாமல், உள்வாங்கிய மெல்லிய வரி மேலிருந்து கீழாகத் தெரிந்தால் அது உள்ளே நூல் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம். பயமில்லை.

## பட்டன் நிறைய இருக்கிறது, ஆனாலும் ஈரத்தில் வழுக்குகிறது

வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கம் முழு எண் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்கும் வண்டிகளில் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிவிடும், மெல்லிய வெடிப்பு ஓடும். ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் காட்டுங்கள். பத்து ஆண்டு என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்லும் கடைசி எல்லை. நம் ஊர் வெயிலுக்கு ஏழு ஆண்டைத் தாண்ட நான் சொல்வதில்லை.

## மாற்றித்தான் ஆகணும் என்றால்

அளவு. இரண்டாம் தலைமுறை எர்டிகாவுக்கு 185/65 ஆர்15 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). பழைய இன்னோவாவுக்கு 205/65 ஆர்15, கிரிஸ்டாவில் வகையைப் பொறுத்து 205/65 ஆர்16 அல்லது 215/55 ஆர்17. ஸ்டிக்கரில் உள்ளதையே வாங்குங்கள். "195/65 போட்டா கம்பீரமா இருக்கும்" என்பார்கள். எர்டிகாவில் அது சக்கரத்தின் விட்டத்தை 13 மில்லிமீட்டர் கூட்டும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 102-ல் போகும். அது பெரிய விஷயமில்லை. ஏழு பேர் ஏறி வளைவில் திரும்பும்போது உள்ளே உரசுகிறதா என்பதுதான் விஷயம்.

சுமை எண். ஏழு பேர் வண்டிக்கு இதுதான் முக்கியம், கடையில் யாரும் வாய் திறக்காததும் இதுதான். அளவுக்குப் பக்கத்தில் 88 என்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 91 என்றால் 615. பழையதில் இருந்த எண்ணுக்குக் குறைந்ததை, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் எடுக்காதீர்கள். அதே அளவில் குறைந்த எண்ணும் வரும், கூடின எண்ணும் வரும். ஈகோ, ஆம்னி வைத்திருப்பவர்கள் பழைய டயரில் 'எல்.டி.' (சிறு சுமை வண்டி டயர்) என்றும் 6 பி.ஆர்., 8 பி.ஆர். (சுமை தாங்கும் அடுக்குத் தரம்) என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாதாரண கார் டயருக்கு மாறக் கூடாது.

தேதி, பிராண்ட். எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன் எல்லாமே ஓடும். பெரிய பெயரில் இரண்டு வருடம் குடோனில் கிடந்ததைவிட, அடுத்த பெயரில் போன மாதம் வந்ததை நான் எடுப்பேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். லாரிக்கு ரீட்ரெட் (பழைய டயரில் புது பட்டன் ஒட்டியது) சரி, குடும்ப வண்டிக்கு வேண்டாம். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கேட்டால் உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

இரண்டா நாலா. இரண்டு மட்டும் வாங்கினால் புதியது பின்னால். முன்னால் இழுக்கும் எர்டிகாவானாலும் சரி, பின்னால் தள்ளும் பழைய இன்னோவா, கிரிஸ்டாவானாலும் சரி. ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். இதற்கு என்னோடு சண்டை போடாத வாடிக்கையாளர் குறைவு.

## புது டயர் மாட்டிய பிறகு கோளாறு

உடனே ஆட்டம் என்றால் பேலன்சிங்கை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அது கடைக்காரர் பொறுப்பு. உள், வெளி என்று குறித்த டயரைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 'டக் டக்' என்று சக்கரப் பக்கம் கேட்டால் அங்கேயே நிறுத்தி நட்டுகளை முறுக்குங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பார்க்கணும்.

## ஸ்டெப்னி இறங்க மாட்டேன் என்கிறது

எர்டிகா, இன்னோவா இரண்டிலும் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிறது. சேறும் தண்ணீரும் பட்டு இறக்கும் போல்ட் துருப்பிடித்திருக்கும். டயர் மாற்ற வந்த நாளிலேயே அதை இறக்கச் சொல்லி, கிரீஸ் தடவி, காற்றை மற்ற டயர்களைவிடக் கொஞ்சம் கூட்டிப் பிடித்து, தேதியையும் பார்த்து ஏற்றுங்கள். போல்ட் சுற்றிக்கொண்டே இருந்து டயர் இறங்காவிட்டால் உள்ளே செயினோ கம்பியோ சிக்கியிருக்கிறது. ரோட்டோரம் சுத்தியலால் தட்டாமல், லிஃப்ட் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.